மேற்கோள் படத்துடன் ஒத்துள்ளது

கருநீர்ச் சோலை, மூன்றாம் கண்காணிப்புக் கூண்டு
பதிவாளர்: முனைவர் அ. பரிதிவாணன்

நாள் 1. 2057 ஜூன் 4. நேரம் 06.40
மழை 88 மி.மீ. வெப்பநிலை 12 டிகிரி. தவளை ஒலி இல்லை.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஆணியை மேற்குச் சுவரில் அடிப்பதென்று இன்று காலை முடிவெடுக்கப்பட்டது. கிழக்குச் சுவரும் பரிசீலிக்கப்பட்டது. அதன் தகுதிகளை யாரும் மறுக்க முடியாது: வெளிச்சம் நன்று, ஈரக்கசிவு குறைவு. எனினும் கிழக்கில் மாட்டினால் சாப்பிடும்போது படம் கண்ணெதிரே இருக்கும். மேற்குச் சுவர் என் முதுகுக்குப் பின்னால் வருகிறது. 6.31-க்கு முடிவு, 6.34-க்கு ஆணி, 6.35-க்குப் படம். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கூண்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

படத்தை வாழிட வாரியம் ‘மேற்கோள் படம்’ என்று பெயரிட்டுச் சட்டமிட்டு அனுப்பியிருக்கிறது. 2024-இல் நான் எடுத்தது. சிவந்த நாங்கு மரத் தளிரின்மேல், கட்டைவிரல் நகமளவு தவளை ஒன்று, பனித்துளிகளுக்கு நடுவே கைகளை மடித்து அமர்ந்திருக்கிறது. குருவிக்கல் புதர்த்தவளை. அந்த இனத்தை உயிரோடு காட்டும் படம் உலகில் இது ஒன்றுதான். ஏழு ஆண்டு கழித்து வந்த பூஞ்சை நோய் இந்த மலைத்தொடரின் தவளைகளை முடித்துவிட்டது. இனத்தை உயிரோடு பார்த்த விஞ்ஞானியும் ஒருவன்தான்.

இதைக் கண்டெடுப்பவருக்காக என் பணியையும் சொல்லிவிடுகிறேன். உறையவைத்த திசுக்களிலிருந்து நாற்பத்தெட்டுத் தவளைகள் மீண்டும் உருவாக்கப்பட்டு, நேற்று இங்கே விடப்பட்டன. இனி வேறு திசு இல்லை. முப்பது நாள் ஒவ்வொன்றையும் தினமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். காலணியில் நோய் ஒட்டி வரும் என்பதால் யாரும் உள்ளே வரக்கூடாது, நானும் வெளியே போகக்கூடாது. ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. அரிசி போதுமான அளவு இருக்கிறது.

நாள் 2. ஜூன் 5. 17.10

வலைக்கூடத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். அரை ஏக்கர், மேலே வலை, கீழே ஈரமண். இதை மனிதர்கள் திட்டமிடவில்லை. வாரியத்தின் மதிப்பீட்டு இயந்திரம் என் படத்தை ஒன்பது மாதம் படித்துவிட்டு 61 பக்க அறிக்கை தந்தது. அதன்படி கட்டினார்கள்.

படத்தில் நாங்குத் தளிர் இருந்தது. எனவே நானூறு நாங்குக் கன்றுகள். படத்தில் துளிகள் இருந்தன. அவற்றின் அளவையும் இடைவெளியையும் கணக்கிட்டு, பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை குழாய்கள் நீர் தெளிக்கின்றன. படத்தில் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து சாய்வாக விழுந்தது. இந்தச் சோலையில் எந்த மாதத்திலும் சூரியன் அந்தக் கோணத்தில் வருவதில்லை என்பதை இயந்திரமே கண்டுபிடித்தது. அதற்காக அது படத்தைச் சந்தேகிக்கவில்லை. சூரியனைத் திருத்தியது. பத்தடிக்கு ஒரு விளக்கு, எல்லாம் இடப்பக்கம்.

துளிகள் குறித்துச் சிறு விளக்கம். அவை பனித்துளிகள் அல்ல. அம்பாசமுத்திரத்தில் சலூன் சாமான் விற்கும் கடையில் நான் வாங்கிய நீலநிறத் தெளிப்பானிலிருந்து வந்தவை. வெளிச்சம் என் இடக்கையில் இருந்த டார்ச், முன்னால் கைக்குட்டை. எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. ‘கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன்’ என்போம்.

17.40. வானொலி அழைப்பு. பேசியவர் ஞானப்பூ. மலைக்கு அந்தப் பக்கம், குருவிக்கல் தேயிலை எஸ்டேட்டின் கைவிடப்பட்ட லைன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வாரியத்தின் காவலர். அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, எஸ்டேட் மூடிய பிறகும் ஏழாம் லைனில் தனியாக இருப்பவர். உரையாடலை அப்படியே தருகிறேன்.

“சார், ஞானப்பூ பேசுதேன். கேக்குதா? உங்க தவளப் பிள்ளைவளுக்கு ஏசி எல்லாம் போட்டிருக்காமே! எங்களுக்கு அம்பது வருசத்துல ஒழுகுத கூரைக்கு ஒரு ஓடு மாத்தித் தந்தாவளா? ஓவர்.”

கேட்கிறது என்றேன்.

“பதினெட்டாம் தேதி லைன இடிக்கப் போறாவளாம். தவளையோட காட்டுக்கு இது எடஞ்சலாம். அதான் ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நீங்க எடுத்தது நம்ம வெந்நி அடுப்புச் செவுத்துல நான் காட்டுன தவளதானே? படத்துல எலை மேல இருக்கு. எனக்கு வெளங்கல. ஓவர்.”

இணைப்பு சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று பதில் சொன்னேன். இணைப்பு சரியாக இருந்தது.

நாள் 5. ஜூன் 8. 07.15
மழை 104 மி.மீ. வெப்பநிலை 12. ஒலி இல்லை.

31-ஆம் எண் தவளை மூன்று நாளாக ஓர் இலையை விட்டு அசையவில்லை. கண் பாதி மூடியிருக்கிறது. கைகள் உள்பக்கம் மடிந்திருக்கின்றன. படமெடுத்து அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் இயந்திரத்தின் செய்தி வந்தது:

“எண் 31: இயல்பான அமைதி நிலை. மேற்கோள் படத்துடன் 94 விழுக்காடு ஒத்துள்ளது. வாழ்த்துகள்.”

17.00. தொட்டுப் பார்த்தேன். இறந்திருந்தது. அதையும் படமெடுத்து அனுப்பினேன். விதி அப்படி.

“எண் 31: மேற்கோள் படத்துடன் 97 விழுக்காடு ஒத்துள்ளது.”

துள்ளிக்கொண்டிருக்கும் 12-ஆம் எண் தவளைக்கு 41 விழுக்காடுதான் கிடைத்தது. அதன்மீது ‘பதற்றம், கண்காணிக்கவும்’ என்று குறிப்பு இருக்கிறது.

நாள் 7. ஜூன் 10. 16.30

இறந்தவை பதினொன்று. தோல் உரிந்து, கால் விறைத்து. பூஞ்சைதான். காலணியைத் தடுத்தாலும் அது மண்ணில் ஏற்கனவே இருக்கிறது, குளிரில் கொழுக்கும், முப்பது டிகிரிக்கு மேல் வாழாது. இதை நான் இருபது ஆண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஏன் பன்னிரண்டு டிகிரி என்ற கேள்வி எழும். இயல்பான குளிர் அல்ல இது. மண்ணுக்குள் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அறிக்கை, பக்கம் 38: ‘படத்திலுள்ள உயிரியின் உடல்நிலை, இமை, மூட்டு மடிப்பு ஆகியவற்றிலிருந்து அது முழு நிம்மதியில் இருப்பதும், அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 12 டிகிரி என்பதும் பெறப்படுகிறது.’ இரண்டாவது கணக்கு துல்லியமானது. இயந்திரத்தை அதற்காகப் பாராட்ட வேண்டும்.

அந்தத் தவளை குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

எஸ்டேட் மேலாளரின் பங்களாவில். எவர்சில்வர் டிபன் டப்பாவில். தயிருக்கும் பாதி வெட்டிய பப்பாளிக்கும் நடுவில், பன்னிரண்டு நிமிடம். குளிர்ந்தால் தவளை துள்ளாது, வைத்த இடத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் பலர் செய்தார்கள். பயிற்சி முகாம்களில் இதை மேடையில் சொல்லமாட்டார்கள், டீ இடைவேளையில் சொல்வார்கள்.

பரிசளித்த நடுவர்கள் ‘தியானத்தில் ஆழ்ந்த தவளை’ என்று எழுதினார்கள். பொறுமை பற்றி என்னைப் பேச அழைத்தார்கள். ஒன்பது மணி நேரம் காத்திருந்தேன் என்று நாற்பது ஊர்களில் சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணி நேரம் என்பது உண்மை. அம்பாசமுத்திரத்துக்கு இறங்கும் பேருந்து அன்று ரத்து.

திட்டக் குழுவில் ஒரு பெண் விஞ்ஞானி, இவ்வளவு குளிர் ஆபத்து என்று ஆட்சேபித்தார். திரையில் என் படம் காட்டப்பட்டது. பிறகு குழுத் தலைவர் என்னிடம், அங்கே குளிராகவா இருந்தது என்று கேட்டார். ‘இதமாக இருந்தது’ என்றேன். ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது.

நாள் 9. ஜூன் 12. 11.00

இறந்தவை பத்தொன்பது. வாரியத்துக்கு உண்மையைத் தெரிவிப்பதென்று முடிவு செய்தேன். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ‘மேற்கோள் தகவலில் திருத்தம்’ என்ற கட்டத்தில் பின்வருமாறு எழுதினேன்: ‘படமெடுக்கும் வசதிக்காக உயிரி சற்று நகர்த்தப்பட்டது.’

இயந்திரத்தின் பதில்: “நன்றி. சற்று என்பது எத்தனை சென்டிமீட்டர்?”

லைன் வீட்டிலிருந்து பங்களா, பங்களாவிலிருந்து அந்த நாங்குக் கன்று. சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சென்டிமீட்டர். கட்டத்தில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ‘அளக்கவில்லை’ என்று எழுதினேன்.

“அளவு தெரியாத நிலையில் வழக்கமான மதிப்பு 15 செ.மீ. எடுத்துக்கொள்ளப்படுகிறது. திருத்தம் ஏற்கப்பட்டது.”

14.00. வலைக்கூடத்தின் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் பதினைந்து சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தன.

நாள் 11. ஜூன் 14. 18.05
மழை 131. வெப்பநிலை 12. ஒலி இல்லை. இறந்தவை முப்பது.

ஞானப்பூவின் அழைப்பு. இம்முறை இணைப்பு சரியில்லை என்று சொல்லவில்லை.

“சார், அந்தப் படத்த நேத்து ஆபீஸ் போர்டுல ஒட்டியிருக்காவ. நல்லா பாத்தேன். வாத்தியார் முன்ன கையக் கட்டிட்டு நிக்குத பய மாதிரில்லா இருக்கு! எங்க செவுத்துத் தவள ஒரு நிமிசம் அப்படி இருக்காது. கைய வச்சா மூஞ்சில மோண்டுட்டுப் பாஞ்சிரும். உங்களுக்கும் அன்னைக்கு அதானே நடந்துச்சு! ஓவர்.”

நடந்தது. என் மூக்குக்கண்ணாடியில்.

“இப்பமும் கெடக்கு சார். நான் சாயங்காலம் வெந்நி போட்டேன்னா செங்கலு சூடாகும்லா, ஒடனே உள்ள இருந்து கத்த ஆரம்பிச்சிரும். டிக்கு டிக்குன்னு. நான் அம்பைல அக்கா வீட்டுக்கு நாலு நாள் போனா கம்முனு கெடக்கும். வந்து அடுப்பு பத்தவச்சா மறுபடியும். நீங்க பெரிய இடத்துல சொல்லுங்க சார். நான் சொன்னா, லைன விட்டுப் போக மனசில்லாம கத விடுதேன்னு நெனப்பாவ. ஓவர்.”

பார்க்கிறேன் என்றேன்.

இங்கே எழுதிவைக்கிறேன். ஏழாம் லைனின் பின்பக்கம் குளிக்கும் இடம். வெந்நீர் அடுப்பை ஒட்டிய செங்கல் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, செங்கல்லில் விரல் நுழையும் ஓட்டைகள். ஒரு பக்கம் சோப்பு நுரை, ஒரு பக்கம் காயப்போட்ட பாவாடை. 2024-இல் ஞானப்பூ அந்த ஓட்டையைக் காட்டி, இதுக்கா சார் காடெல்லாம் அலையுதீய என்று சிரித்தார். கையை வைத்தேன். சுட்டது. அறிவியலுக்குப் புதிய ஓர் இனம், ஒரு குளியலறைச் சுவரில். எனக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சி அல்ல. இந்தப் பின்னணியை யாரும் அட்டைப்படமாகப் போடமாட்டார்கள் என்பதே.

அந்தச் சூடுதான் அந்தத் தவளைகளைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நோய் வந்த பின்னும் இத்தனை ஆண்டு, ஒரு பெண் குளிப்பதற்கு விறகு வைத்ததால் ஓர் இனம் பிழைத்திருக்கிறது. இது என் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர் ஞானப்பூ. வெளியிட வேண்டியவன் நான்.

நாள் 13. ஜூன் 16. 10.20

உயிருடன் இருப்பவை ஐந்து. 12-ஆம் எண் இன்று முதல்முறையாக அமைதியாக இருக்கிறது. 90 விழுக்காடு.

வாரியத்தின் செய்தி: “நாற்பத்துமூன்று உயிரிகள் மேற்கோள் நிலையை அடைந்துள்ளன. திட்டம் எதிர்பார்ப்பைவிட வேகமாக நிறைவேறுகிறது. ஜூன் 20 அன்று இப்பகுதி பரிதிவாணன் சரணாலயம் என்று பெயர் பெறும். பொறுமை பற்றித் தாங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டுகிறோம்.”

கடிதம் எழுதினேன். முதல் வரைவு இரண்டு பக்கம், அதில் அந்தக் கால வழக்கங்கள் பற்றிய வரலாற்றுக் குறிப்பு ஒன்றரைப் பக்கம். இரண்டாவதில் ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தேன். படமெடுத்தபோது என்னுடன் யாரும் இல்லை. மூன்றாவதில் குளிர்சாதனப் பெட்டி வந்தது, சுவர் வரவில்லை. நான்காவது ஆறு வரி. எல்லாம் இருக்கிறது. சுவர், டப்பா, இலை, தெளிப்பான், என் பெயர். இதை அனுப்பினால் ஐந்து தவளைகளையும் அந்தச் சுவருக்குக் கொண்டுபோகலாம். இடிப்பும் நிற்கும்.

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் இருந்தது. மழை கொஞ்சம் விட்டதும் அனுப்பலாம் என்று தீர்மானித்தேன். இந்த மலையில் ஜூனில் மழை விடாது.

நாள் 15. ஜூன் 18

09.00. இடிக்கும் இயந்திரங்கள் ஏழாம் லைனுக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு. உயிருடன் ஒன்று. எண் 12.

10.10. கடிதத்தை எடுத்தேன். ‘நேர்மையின்மை’ என்ற சொல் கடுமையாகப் பட்டது. ‘கவனக்குறைவு’ என்று மாற்றினேன். அது பொய். திரும்ப மாற்றினேன்.

11.30. சுவர் விழுந்தது. அறிவிப்பில் ‘துணைக் கட்டுமானம்’ என்றிருக்கிறது.

12.15. எண் 12. 98 விழுக்காடு.

15.20. ஞானப்பூ.

“சார்! சார்! லாரில செங்கல ஏத்தியாச்சு. அரவை மில்லுக்குப் போகுது, உங்க சரணாலயத்துக்குப் பாத போட. ஏத்துன செங்கலுக்குள்ள கத்துது சார்! காலைல நான் அடுப்பு போட்டேன்லா, கல்லு இன்னும் சூடா இருக்கு. லாரிக்கு டிரைவர் கெடையாது. நான் நிறுத்துத பட்டன அமுக்கிப் பிடிச்சிருக்கேன். இருபது நிமிசம்தான் நிக்குமாம். ஓவர்.”

15.24. கேட்கச் சொல்லி வானொலியைச் செங்கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மழைச் சத்தம். பிறகு அது. டிக். டிக். டிக். மூன்று, ஓர் இடைவெளி, இரண்டு. வேறொரு கல்லிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. முப்பத்துமூன்று ஆண்டுக்குப் பிறகும் அதை வேறு எதனுடனும் குழப்பிக்கொள்ள முடியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

15.27. “கேட்டீயளா சார்? தெரிஞ்சவுக ஒருத்தர் ஆமான்னு சொன்னாத்தான் லாரி நிக்குமாம். உங்களத்தான் கேக்குமாம். ஒரு வார்த்தை சார். ஓவர்.”

15.28. இயந்திரம்: “இன உறுதிப்பாடு கோரப்படுகிறது. நிபுணர்: பரிதிவாணன். இனம்: குருவிக்கல் புதர்த்தவளை. இடம்: செங்கல், குளியலறை. இத்தகவல் மேற்கோள் படத்துடன் முரண்படுகிறது. ‘ஆம்’ எனில் முரண்பாட்டுக்கான விளக்கம் குழுவினர் முன்னிலையில் இந்த அலைவரிசையில் பதிவு செய்யப்படும். ஆம், இல்லை, தெளிவில்லை.”

இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் கெட்டவன் அல்ல. இதை இங்கே எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். அழிக்கவில்லை.

15.31. குழுவினர் பன்னிரண்டு பேர் அலைவரிசையில் இணைந்தார்கள். ஆட்சேபித்த அந்தப் பெண்ணும் இருந்தார். பெயர்களைத் திரையில் பார்த்தேன்.

15.33. “சார்? கை மரத்துப்போச்சு சார். ஓவர்.”

15.36. தெளிவில்லை என்றேன்.

15.37. “தெளிவில்லையா? எனக்கே இங்கன காது கிழியுது.” பிறகு: “சரி சார். நீங்க படிச்சவுக.” ஓவர் சொல்லவில்லை.

15.40. லாரி புறப்பட்டது.

15.55. ஞானப்பூவை அழைத்தேன். எடுக்கவில்லை.

16.10. அழைத்தேன்.

16.15. படத்தைக் கழற்றிக் கிழக்குச் சுவரில் மாட்ட முயன்றேன். ஆணி ஏறவில்லை. தரையில் சாய்த்து வைத்திருக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் தெரிகிறது.

16.40. இதைக் கண்டெடுப்பவருக்கு: கடிதத்தின் நான்காவது வரைவு மேசையின் இடப்பக்கம் இருக்கிறது. உண்மைதான், ஒவ்வொரு வரியும். பிற்பாடு என்னைப் பற்றி யாராவது, கடைசியில் சொல்லிவிட்டான் என்று எழுதினால், நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

17.05. லாரி அரவை மில்லை அடைந்தது.

17.20. கடிதத்தை அனுப்பினேன். மழை விடவில்லை.

17.21. “பெறப்பட்டது. தாங்கள் குறிப்பிடும் சுவர் வாரியத்தின் பதிவேட்டில் இல்லை. மனு முடித்துவைக்கப்பட்டது.”

18.00. மழை 96 மி.மீ. வெப்பநிலை 12 டிகிரி. தவளை ஒலி இல்லை.